எனக்கு முன்னால் இருந்த முதுகு

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் புனேயில், ஏரவாடாவில், லாரிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர் துடுப்புப் படகில் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா வரை போக ஆள் தேடினார். என் தோளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். மூன்று வேளையும் சாப்பாடு உண்டு என்றார். போனேன்.

நாங்கள் நான்கு பேர். இருவர் துடுப்புப் போடும்போது மற்ற இருவர் தூங்க வேண்டும். என் ஜோடி, கோர்படி ரயில்வே காலனியில் இருந்த ஒரு ஃபிட்டர். பூர்வீகம் தூத்துக்குடி. அவர் முன்னால், நான் பின்னால். பின்னால் இருப்பவன் பார்க்க வேண்டியது முன்னால் இருப்பவனின் முதுகை மட்டும்தான். அது சாய்ந்தால் சாய வேண்டும், நிமிர்ந்தால் நிமிர வேண்டும். ஏரவாடாப் பாலத்துக்குக் கீழே, எருமைகள் கிடக்கும் தண்ணீரில் ஒரு வருஷம் இப்படிப் பழகினோம்.

"ஏலே, பீடிய விடு. ஒன் மூச்சு எங் கழுத்துலயே அடிக்கி," என்பார்.

"அப்போ நீங்க பின்னால வாங்கண்ணே."

"வந்தா ஒன் அழுக்கு முதுகுல்லா பாக்கணும்."

கடலில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு எல்லோருக்கும் தொடையிலும் இடுப்பிலும் புண். துடுப்புப் பிடிக்கும்போது இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்பது கேப்டனின் கண்டிப்பு. ஃபிட்டருக்கு இடுப்புப் புண்ணில் சீழ் வைத்திருந்தது. ஒரு மதியம், கயிறு உரசுவது தாங்காமல் அவிழ்த்துவிட்டார். சற்று நேரத்தில் பக்கவாட்டிலிருந்து ஓர் அலை எங்கள்மேல் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு முன்னால் முதுகு இல்லை. அவருடைய துடுப்புகள் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தன.

மூன்று பேரும் படகைத் திருப்பி இருட்டும்வரை எதிர்க்காற்றில் வலித்தோம். படகு முன்னே போகவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. சில நாள் கழித்து ஒரு சரக்குக் கப்பல் எங்களை ஏற்றிக்கொண்டது.

புனே திரும்பியதும் கோர்படிக்குப் போனேன். அவர் மனைவி தாலியைக் கழற்றியிருக்கவில்லை. டீ கொண்டுவந்து வைத்தார்.

"ஃபாதர் எறந்தவியளுக்கு வைக்கிற பூசய வச்சிரலாம்ங்காவ. எங்க அண்ணனும் அதத்தான் சொல்லுதான். பின்னால இருந்த தம்பி வரட்டும்னு நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அவிய முங்குனத நீங்க பாத்தியளா?"

வரும் வழியில் எது எதற்கோ பதில் யோசித்து வைத்திருந்தேன். இதற்கு யோசிக்கவில்லை.

"பாக்கலக்கா. கண்ணெல்லாம் தண்ணி. தொறந்து பாத்தா எடம் காலி."

"கடைசியா மொகம் எப்படி இருந்துச்சு?"

"எனக்கு முதுகுதான்க்கா தெரியும்."

டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒங்கள ஒரு கப்பல் ஏத்திச்சுல்லா?"

"அக்கா, அது நடுக்கடல். நாங்க தேடாத தேட்டம் இல்ல."

"அவிய கடக்கரையில பொறந்தவிய, தம்பி. நீச்சல் நல்லா வரும்."

எழுந்து உள்ளே போனார். அங்கே இருந்த அண்ணனிடம் அவர் சொல்வது எனக்குக் கேட்டது.

"ஃபாதர்ட்ட போயி இப்ப வேண்டாம்னு சொல்லிரு. பின்னால இருந்தவரே பாக்கலைங்காரு."

அடுத்த வாரம் நாக்பூர் போகும் லாரியில் ஏறிவிட்டேன். எண்பதுகளில் மறுபடி புனே வந்தபோது காலனியில் விசாரித்தேன். பூசை இன்னும் வைக்கவில்லை என்றார்கள்.