ஒரு டீ குடிச்சிட்டு வாங்க

போன செவ்வாய்க்கிழமை என் வலது கை போய்விட்டது.

பதற வேண்டாம். இதை இரண்டு கையாலும்தான் டைப் செய்துகொண்டிருக்கிறேன். போனது ஒரு பரீட்சைக்காகப் போன கை. ஆனால் அப்போது எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே... அது நூறு சதவீதம் நிஜம்.

எல்லாம் சரளாவால் வந்தது. என் பள்ளித் தோழி. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவி. சுற்றிலும் தொழிற்சாலைகள். அடிபட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிற இடமாகவே இது இருந்துவிடக் கூடாது, அவசர மருத்துவத்தை ஒரு படிப்பாகவே இங்கே கொண்டுவர வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அதற்காக அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றோடு மூன்று வருடமாகப் பேச்சு. அவர்களுடைய பேராசிரியர்கள் இங்கே வந்து சொல்லித் தருவார்கள், நம் டாக்டர்கள் அங்கே போய்க் கற்று வருவார்கள்.

கடைசிக் கட்டமாக, பேராசிரியை ஹெலன் அங்கிருந்து வந்திருந்தார். ஒரு வாரம் தங்கி, நம் டாக்டர்களைச் சோதித்துப் பார்ப்பார். திருப்தி என்றால் கையெழுத்து. இல்லாவிட்டால்... சரளா அந்த வாக்கியத்தை முடிக்கவே மாட்டாள்.

"நீ நோயாளியா நடிக்கணும்டி. காலேஜ் டிராமாவுல கலக்கினவதானே நீ?"

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? போனேன்.

கையில் ஒரு கார்டு கொடுத்தார்கள். நான் செல்வி. கம்பெனியில் ஆபரேட்டர். வயது இருபத்து நான்கு. (என் நிஜ வயதை இங்கே சொல்லி உங்களைச் சிரிக்க வைக்க விரும்பவில்லை.) இரண்டு மணி நேரத்துக்கு முன் என் வலது முன்கை, ட்ராலிக்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் உள்ளே தசை வீங்கி, அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் இது தெரியாது. ஆரம்பத்தில் காட்டிக்கொடுப்பது வலி மட்டும்தான். சில மணி நேரத்தில் கண்டுபிடிக்காவிட்டால் கை போய்விடும். எவ்வளவு வலி என்று டாக்டர் கேட்டால், பத்துக்கு ஒன்பது என்று நான் சொல்ல வேண்டும்.

ஒன்பது. ஒரே ஒரு வார்த்தை. இதற்கு எதற்கு டிராமா அனுபவம்?

என்னைக் கூட்டி வந்தவராக நடிக்க ஏழுமலை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் நிஜமாகவே லைன் சூப்பர்வைசர். அடிபடும் ஆட்களை அடிக்கடி இங்கே அழைத்து வருகிறவர் என்பதால் சரளா கூப்பிட்டிருந்தாள். தங்கமான மனிதர். எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார்.

ஹெலனும் சரளாவும் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, முதல் டாக்டர் உள்ளே வந்தார். "என்னம்மா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணும் இல்ல சார். ட்ராலி லேசா இட்ச்சிக்கினு போச்சு, அவ்ளோதான். ரத்தம்கூட வர்ல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?"

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? சத்தியமாகத் தெரியவில்லை. அவர் எனக்கு மேலதிகாரியா? எனக்கு ஷிஃப்ட் இருக்கிறதா, லைன் இருக்கிறதா? ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டார். எக்ஸ்ரே பார்த்தார். கட்டு, மாத்திரை, வீட்டுக்குப் போகலாம். பரீட்சை முடிந்த மணி அடித்தது. கை போச்சு!

சரளாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. மூன்று வருட உழைப்பை ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிட்டேனே!

கார்டில் இல்லாததை ஏன் சொன்னீர்கள் என்று ஹெலன் கேட்டார். "அவர் நின்றுகொண்டிருந்தார்" என்று மட்டும் சொன்னேன்.

ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இன்னா மேடம் பண்ணேன்? சும்மாதானே நின்னுகினு இருந்தேன்!"

எல்லாரும் சிரித்தார்கள், ஹெலனைத் தவிர. அவர், அடுத்து வருகிறவரிடமும் அதே 'ரெண்டு' சொல்லுங்கள் என்றார்.

சரளா என் காதருகே குனிந்தாள். "இதுலயும் கோட்டை விட்டா அவ்ளோதான்டி."

அடுத்து வந்தவர் டாக்டர் கிருபை. பக்கத்தில் சேரப்பணஞ்சேரிப் பெண். வெளியே இருந்ததால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அதே கேள்வி. ஏழுமலையின் அதே பதில். என்னுடைய அதே ரெண்டு.

கிருபை எழுதவில்லை. என்னைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார்.

"அண்ணே, ரொம்ப நேரமா நின்னுகினே கீறீங்க. கேண்டீன்ல இப்பதான் டீ போட்டாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள நான் பார்த்துடறேன்."

ஏழுமலை திருதிருவென்று விழித்தார். இப்படி ஒரு வசனம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் டீ ஆயிற்றே... போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

"அக்கா, இப்ப சொல்லுங்க. இந்தக் கையால தலை பின்ன முடியுமா?"

"முடியாது."

"எவ்ளோ வலிக்குது?"

"ஒன்பது" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழ வேண்டும் என்று கார்டில் இல்லை.

அவர் என் விரலை மெல்ல நீட்டினார், நான் "அம்மா!" என்று கத்தினேன். அடுத்த நொடி, ஆபரேஷன் தியேட்டருக்குத் தயார் செய்யச் சொல்லி போன் பறந்தது. கை பிழைத்தது.

ஆனால் ஹெலனின் மதிப்பெண் தாளில் டீக்கு ஏது இடம்? 'உடன் வந்தவரிடம் விவரம் கேட்டாரா' என்ற கட்டம் வேறு காலியாக இருந்தது. வெளியே இருங்கள் என்று அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்றார் ஹெலன்.

"வெளிய போங்கன்னா கதவாண்டயே நிப்பாங்க மேடம். பாவம், அவங்களும் மேல பதில் சொல்லணும். டீன்னா போயிடுவாங்க" என்றார் கிருபை. "எங்க அக்கா கம்பெனி லைன்லதான் வேலை செய்யுது. அதை இங்க கூட்டினு வந்தப்ப பார்த்தேன். சூப்பர்வைசர் இருக்கிற வரைக்கும் அதுக்கு எந்த வலியும் இல்ல."

சரளா இதை மொழிபெயர்த்தாள். டீ முடித்துத் திரும்பியிருந்த ஏழுமலையும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹெலன் பேனாவை எடுத்து, தாளின் கீழே கையால் ஒரு வரி எழுதினார்: 'நோயாளியிடம் தனியாகக் கேட்டாரா?' பிறகு சொன்னார்: "எங்கள் ஊரிலும் பெரிய பெரிய கிடங்குகள் உண்டு. அங்கேயும் எத்தனை பேர் 'ரெண்டு' சொல்லியிருப்பார்களோ... இத்தனை வருடமும் நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்."

யோசித்துப் பார்த்தால், நம் எல்லார் பக்கத்திலும் யாராவது ஒருவர் நின்றுகொண்டுதானே இருக்கிறார்? ஸ்பீக்கரில் மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "எப்படிம்மா இருக்கே?" என்று மகள் கேட்டால், நான் என்றைக்காவது முட்டி வலியைச் சொல்லியிருக்கிறேனா?

வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிட்டது. சரளா என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் நிஜமாகவே கை வலித்தது. பத்துக்கு நாலு.

நேற்று ஏழுமலை போன் செய்தார்.

"மேடம், எங்க லைன்ல ஒரு பொண்ணு விரலைப் புட்ச்சிக்கினு நின்னுச்சு. இன்னா ஆச்சுன்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல சார்னுச்சு."

"அப்புறம்?"

"அது ஃப்ரெண்ட வுட்டு கேக்கச் சொல்லிட்டு, நான் டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா, நகத்துக்கடியில கம்பி ஏறிக் கீது மேடம்! உடனே கூட்டினு வந்துட்டேன். இப்ப ஆஸ்பத்திரி கேண்டீன்லதான் கீறேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததுமே திரும்பவும் டீக்கு அனுப்பிட்டாங்க."

புதுப் படிப்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் ஒருவர் பாஸாகிவிட்டார்.