நடுச்சுவரின் ஈரம்

எனக்குப் பத்து வயதானபோது நாங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையை விட்டுப் பதுளை நகரத்துக்கு வாடகைக்கு வந்தோம். என்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அவர் ஒரு தையல் கடையில் சேர்ந்திருந்தார். பண்டாரவளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டிய அப்பா வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மூன்று வயதுத் தம்பியையும் சேர்த்து நாலு பேர்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு வீட்டின் பின்பக்கம் சேர்த்துக் கட்டிய இரண்டு அறைகள். முன்பக்கத்தில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுவார். எங்கள் வீட்டில் கருவாடு வறுக்கிற நாளில் அவர் பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்.

லயத்தில் கூரை ஒழுகினால் தோட்டத்து ஆபீசில் போய்ச் சொல்வார்கள். சொந்தக்காரர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இங்கேயோ சொந்தக்காரர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். இடையில் ஒரு சுவர்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் அந்தச் சுவர் நனையத் தொடங்கியது. கூரையடியில் தொடங்கிய ஈரம் நாளுக்கு நாள் கீழே இறங்கி, தம்பி படுக்கும் கட்டிலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் வந்தது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கறுப்பாகப் பூசணம் பூத்தது. தம்பிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈரமில்லாத இடத்தில் பிள்ளையைப் படுக்க வையுங்கள் என்றார் டொக்டர். அந்த அறையில் கட்டில் போட வேறு இடமே இல்லை.

அம்மா முன்பக்கம் போய் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் உள்ளே துணி காயப்போடுவதாலும், ஜன்னலைத் திறக்காமல் சோறு வடிப்பதாலும்தான் சுவர் வேர்க்கிறது என்று பதில் வந்தது. மறுநாளிலிருந்து துணியெல்லாம் கொல்லைப்புறத்துத் தாழ்வாரத்துக்குப் போனது. அடுப்பும் அங்கேயே போனது. ஒரு வாரம் கொட்டுகிற சாரலில் குந்தியிருந்து சமைத்தார். ஈரம் இறங்குவது நிற்கவில்லை.

அதன் பிறகு அம்மா எனக்கு ஒரு பென்சில் தந்தார். தினமும் காலையில் கட்டிலில் ஏறி நின்று, ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, வீட்டுக்கார அம்மாவுக்குக் காட்டப் பக்கத்தில் தேதி எழுதவேண்டும். வீட்டில் எழுத்து வேலைக்கு என்னை நம்பியது அதுதான் முதல் தடவை. பல் விளக்குவதற்கு முன்பே கோடு போட்டுவிடுவேன்.

பன்னிரண்டு பதின்மூன்று கோடு விழுந்த பிறகு மழை விட்டது. நல்ல வெயில். ஈரம் சுருங்கி மேலே ஏறத் தொடங்கியது. தம்பிக்கு அது நல்லது என்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் தோற்றுவிடுவோம் என்றுதான் தோன்றியது. அம்மா குளிக்கப் போன நேரம் ஒரு துணியைத் தண்ணீரில் முக்கி, சுவரைக் கட்டில் வரைக்கும் துடைத்துவிட்டு, அதன் அடியில் கோடு போட்டேன். மூன்று நாள் அப்படிச் செய்தேன். அம்மாவுக்கு நான் பெரிய உதவி செய்துகொண்டிருந்தேன்.

மறுபடி மழை வந்து, பத்தொன்பது கோடுகள் ஆனதும் அம்மா வீட்டுக்கார அம்மாவை அழைத்துவந்து கட்டில் முன்னால் நிறுத்தினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோப்பு பார்ப்பதுபோல் ஒவ்வொரு தேதியாக வாசித்தார். ஒரு கோட்டில் அவருடைய விரல் நின்றது.

"அண்டைக்கு முழு வெயில். நான் முத்தத்திலை மிளகாய் காயப் போட்டனான். அண்டைக்கு எப்பிடிப் பிள்ளை ஈரம் இவ்வளவு இறங்கும்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகமே போதுமாக இருந்திருக்கும். பொய்க்கணக்குக் காட்டப் பிள்ளையைப் பழக்குகிறவர்களோடு ஒரு வளவுக்குள் இருக்க முடியாது, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மா போய்விட்டார்.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டினார், பாத்திரம் கழுவினார். மறுநாள் காலை என்னைக் கையில் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிப்போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மா அதோடு விடவில்லை. வீட்டுக்கார அம்மாவைக் கெஞ்சி மறுபடி எங்கள் அறைக்கு வரவழைத்து, என் கையில் அழிறப்பரைக் கொடுத்தார்.

"பொய்யா போட்டத மட்டும் அழி. மத்தத தொட்டுறாத."

மூன்று கோடுகளையும் தேடித் தேடி அழித்தேன். இரண்டு பெரியவர்களும் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அழித்து முடித்ததும் அம்மா சொன்னார், "இவ மூணு பொய் சொன்னா. மீதி பதினாறும் உண்மை. அதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

வீட்டுக்கார அம்மா, வெளியேறச் சொன்ன பிறகு என்ன பதில் வேண்டியிருக்கிறது என்று கேட்டார். அம்மா குரலை உயர்த்தவில்லை. போகச் சொன்னால் மூன்று மாதம் தவணை தரவேண்டும் என்று வாடகை எக்ரிமெண்டில் இருப்பதைச் சொன்னார். அந்த மூன்று மாதமும் தன் பிள்ளை மூச்சு விடவேண்டும் என்றும் சொன்னார். இதற்கு ஒரு வழி தெரியாமல் இந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை என்று, அவரை மறித்துக்கொண்டு கதவருகில் நின்றார். சண்டை வரப்போகிறது என்று நான் தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றுதான்.

"இது என்ரை வீடில்லைப் பிள்ளை," என்றார். "கனடாவிலை இருக்கிற தம்பியின்ரை. திருத்தக் காசு கேட்டால் வித்துப்போடுவன் எண்டு போன வருசமே சொல்லிப்போட்டான். பிறகு நான் எங்கை போறது?"

அம்மா கதவை விட்டு விலகினார். உங்கள் அறையை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே நடுச்சுவரை மறைத்து ஒரு பெரிய அலுமாரி நின்றது. அம்மாவும் நானும் அதை நகர்த்தினோம். எங்கள் பக்கத்தில் இருந்த அதே கறுப்பு அந்தப் பக்கமும் நிலம் வரைக்கும் இருந்தது. அலுமாரிக்குப் பின்னால் ஒரு பேசினில் பாதித் தண்ணீர். இரண்டு மழைக்காலமாக வீட்டுக்கார அம்மா அதைப் பக்கத்து இடுக்கு வழியாக எடுத்து ஊற்றி ஊற்றி வைத்திருக்கிறார்.

அந்த ஞாயிறு அப்பா கூரையில் ஏறினார். முன்வீட்டுக் கூரையும் பின்னால் சேர்த்துக் கட்டிய கூரையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் ஓடும் பீலி, பலாச் சருகால் அடைத்துத் துருவேறி ஓட்டை விழுந்து கிடந்தது. தகரமும் சீமெந்தும் வீட்டுக்கார அம்மா வாங்கித் தந்தார். வேலை அப்பாவுடையது. ஏணியை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் வீட்டுக்கார அம்மாவும் பிடித்துக்கொண்டார்கள். கீழே விழும் சருகைப் பொறுக்குவது என் வேலை. அந்தத் தண்டனையாவது கிடைத்ததே என்று இருந்தது.

அம்மா அதோடும் விடவில்லை. கனடாவில் இருக்கும் தம்பிக்கு வீட்டுக்கார அம்மா போன் எடுத்து, கூரை பழுதானதையும் திருத்தியதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "இப்ப சொல்லாட்டி, அடுத்த மழைக்கும் நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு சட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்," என்றார். வீட்டுக்கார அம்மா எழுந்து நின்றபடிதான் போனில் பேசினார். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், தன்னைவிட இளைய தம்பியோடு பேச ஏன் எழுந்து நிற்கிறார் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தப் பக்கத்துக் குரல் நீண்ட நேரம் சத்தம் போட்டது. கடைசியில் அடுத்த வருடம் கூரையை முழுதாக மாற்றப் பார்க்கலாம் என்றதாம். மாற்றினார்கள். மூன்று மாதத் தவணையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம்.

ஆனால் போன் பேசிய மறுநாள் காலை எனக்கு மனம் ஆறவில்லை. சுவரைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கப் போனவர்கள் நாங்கள். கடைசியில் அப்பா கூலியில்லாமல் அவர்கள் கூரையைத் திருத்தினார், அம்மா வீட்டுக்கார அம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துத் தேற்றிக்கொண்டிருந்தார். என் பதினாறு உண்மைக் கோடுகளுக்கு என்ன மரியாதை? பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் வழியில் அம்மாவிடம் நேராகவே கேட்டேன், நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்று.

அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் கிடந்த அந்த அறை ஒரு நாளும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டினால் அறையும் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிகள்தான்; எங்கை போறது என்று கேட்ட வீட்டுக்கார அம்மாவின் பயத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் பதில் சொல்லாமல், பஸ் வருது, ஓரமாக நட என்று மட்டும் சொன்னபோது, ஜெயித்திருந்தால் சொல்லியிருப்பாரே என்று எனக்குள் கணக்குப் போட்டேன். தோற்றுத்தான் போய்விட்டோம் என்று முடிவு செய்து, அம்மாமீது கோபத்தோடு வகுப்புக்குள் நுழைந்தேன்.