இடது மட்கார்டுப் பெட்டி

லாரிக்கு பாடி கட்டுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் பட்டறை வாசலில் வரிசையில் நிற்கிற வண்டிகள் சொல்லும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சுத்தியல் பிடித்த இந்தக் கை இன்று பேனா பிடிக்கிறது என்றால் அதற்குக் காரணம் என் கொழுந்தியாள். அவளும் வண்டி கட்டுகிறவள்தான். என்ன, நான் கட்டும் வண்டியில் ஒரு வீட்டுச் சாமானையே ஏற்றலாம். அவள் கட்டும் வண்டியில் நாலு எறும்பு ஏறினால் இடிச்சுக்கிட்டுத்தான் உட்கார வேண்டும்.

பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் யார் யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து டேங்க் செய்வாள். டேங்க், பீரங்கி வண்டி, பட்டாளத்து ட்ரக், எல்லாம் உள்ளங்கை அளவு. அதனால் எங்கள் குடும்பத்தில் அவள் பெயரே பீரங்கி. என் சகலை, அதாவது அவள் புருஷன், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் முறைப்பாள். நான் கூப்பிடலாம், அத்தான் என்ற உரிமை.

கடையில் விற்கிற பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வெடுக்கென்று பிய்த்துச் சொருகிவிட முடியாது இதை. முழுக்க ரெசின், காய்ந்தால் கல்லாகிற ஒரு பிசின். அச்சில் ஊற்றி எடுத்தது. வாங்கி வந்த பெட்டியைத் திறந்தால் என்னவோ சாம்பல் நிறச் சோப்புத் துண்டுகள் மாதிரி கிடக்கும். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். கோணிப்போன துண்டை வெந்நீரில் போட்டு நிமிர்த்த வேண்டும். காற்றுக் குமிழி விட்ட ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஊற்றின இடத்துக் கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மயிரிழை ரம்பத்தால் அறுத்து எறிய வேண்டும். தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று தண்ணீர் தொட்டுத் தேய்ப்பாள், வாயில் துணி கட்டுவாள். எந்தத் துண்டு எங்கே போகும் என்பதற்கு மங்கலான நாலு படம் போட்ட ஒற்றைத் தாள்தான். பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. என் தொழிலும் அப்படித்தானே, எனக்கு யார் தாள் கொடுத்தார்கள்?

அவள் வீட்டு மேல்மாடியில் ஒரு பட்டாளத்தார் குடியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள். பார்வை போய்விட்டது, வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அவர் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கினவர் இல்லை. பழுதாகி நிற்கிற டேங்குகளைக் கம்பி வடம் கட்டி இழுத்து வரும் இழுவை டேங்கின் டிரைவர். நம்ம சாதி, வண்டிச் சாதி! கொழுந்தியாள் டேங்க் செய்கிறாள் என்று கேள்விப்பட்டதும் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கி வந்து, "நம்ம வண்டி வருமாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த இழுவை டேங்க் லேசில் கிடைக்கவில்லை. செய்கிறவன் அச்சு தேய்ந்துபோய் நிறுத்திவிட்டானாம். எங்கெங்கோ சொல்லிவைத்து, யாரோ ஒருவர் அலமாரியில் கிடந்த கடைசிப் பெட்டியை வாங்கிவிட்டாள். துண்டுகளை அறுத்துத் தேய்த்து ஒட்டி இரண்டு மாதம் போயிருந்த நேரம் பார்த்து, பட்டாளத்தாரை வெளியூரில் இருக்கிற மகள் நிரந்தரமாகத் தன்னோடு கூட்டிப்போக வருகிறாள் என்று சேதி. ஞாயிற்றுக்கிழமை பயணம். அதற்குள் வண்டியை அவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

வியாழக்கிழமை சாயந்திரம் பெயின்ட் அடிக்கும் முன்னால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "ஐயா, கண்ணுக்குத்தான் பெயின்ட். விரலுக்கு இது போதும். பாருங்க."

அவர் பார்த்தார். விரல் நுனியால், குழந்தை முகத்தைத் தடவுகிற மாதிரி. "இது முன்னாடி மண்ணுல ஊனுற தகடு... இது கிரேன்... அட, கொக்கி! வட உருளை..." சிரித்துக்கொண்டே வந்தவர் இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். திரும்பத் தடவினார்.

"மட்கார்டு மேல பெட்டி எங்கம்மா?"

"எந்தப் பெட்டி ஐயா?"

"சாமான் பெட்டி. மொட்டையா இருக்கும். அது மேல உக்காந்துதான் நான் சாப்பிடுவேன். பொண்டாட்டி காயிதம் வந்தா அங்கதான் படிப்பேன்." பிறகு, "பரவாயில்லம்மா, வேற மாடலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது, குரல் சொல்லவில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கத்துப் படமே இல்லை. ஆனால் மட்கார்டில் ஒரு பள்ளம் இருந்தது. என்ன நடந்ததென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியும் மொட்டைக் கட்டி, அதன் அடியில் இருந்த ஊற்றுக் கட்டியும் மொட்டைக் கட்டி. இரண்டையும் சேர்த்து வெறும் கழிவு என்று அறுத்து டப்பாவில் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் போய் இதையெல்லாம் கேட்டபோது வீடே தலைகீழாகக் கிடந்தது. கழிவு டப்பா தரையில் கொட்டியிருந்தது. என் வீட்டுக்காரி எனக்கு முன்பே வந்து தங்கைக்குத் துணையாகத் துடைப்பத்தோடு நின்றாள்.

"புதுசா ஒண்ணு செஞ்சு ஒட்டிடேன், பீரங்கி. நீ செய்யாத பல்லா?" என்றேன்.

"அளவு தெரியாம எப்படி அத்தான்? பகல்லதான் பொய்ப்பல்லு செய்றேன். அந்த மனுஷனுக்குப் பொய்ப்பெட்டி செஞ்சு குடுக்க மாட்டேன்." கண் கலங்கியிருந்தது.

எனக்கு அழுகிற முகத்தைப் பார்த்தால் கை கால் ஓடாது. பேச்சை மாற்றலாம் என்று வழக்கம்போல மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். "ஆடுதா பாரு? ஆடாது. யார் ரிப்பேர் பண்ணினது!"

தரை ஓடு ஒன்று உள்வாங்கி அந்த மேசை தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. போன மாதம் அவள் டீ போடப் போன நேரத்தில் ஒரே நிமிஷத்தில் சரிசெய்தது நான்தான். அன்றிலிருந்து போகும்போதெல்லாம் தட்டிக் காட்டுவேன்.

"ஆரம்பிச்சிட்டார்," என்றாள் என் வீட்டுக்காரி. "ஒரு மேசைக் காலுக்கு இன்னும் எத்தனை வருஷம் பட்டயம் வாசிப்பீங்க?"

கொழுந்தியாள் மட்டும் என்னையே பார்த்தாள்.

"அத்தான், காலுக்கு அடியில என்ன வெச்சீங்க?"

"உன் டப்பாவுல இருந்து ஒரு கட்டிதான். நல்ல கெட்டிச் சாமான்..."

சொல்லி முடிக்கவில்லை. பல் கூடத்து மேலங்கியோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். "தூக்குங்க! தூக்குங்க அத்தான்!" லாரியையே ஜாக்கி போட்டுத் தூக்குகிறவனுக்கு மேசை எம்மாத்திரம்? தூக்கினேன். தூசியோடு வெளியே வந்தது, தீப்பெட்டியில் பாதி அளவு. ஊதினாள். அடியில் ஊற்றுக் கட்டி, மேலே மூடி, பக்கத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற இரண்டு கீல். பெட்டியேதான்!

எழுந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி. அப்புறம் சிரிப்பு. அக்காவும் தங்கையும் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டேன்: "நான் மட்டும் எடுத்து வைக்கலேன்னா அது எப்பவோ குப்பையோட போயிருக்கும். பாதுகாத்தது யாரு?"

பெட்டியின் ஒரு முனை மட்டும் மேசைப் பாரத்தில் நசுங்கியிருந்தது. ஞாயிறு காலை, பச்சை பெயின்ட் காய்ந்த வண்டியைப் பட்டாளத்தார் மடியில் வைத்து, "அந்த முனையை அடைக்க நேரம் இல்லாமப் போச்சு ஐயா" என்றாள்.

அவர் விரல் நேராக இடது மட்கார்டுக்குத்தான் போனது. "எந்தப் பட்டாளத்து வண்டியில பெட்டி நசுங்காம இருந்திருக்கு? தொடாதம்மா, அப்படியே இருக்கட்டும்." ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, ஒரு ஆள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி அந்தப் பெட்டி மேல் உட்காரவைத்தார். மகள் காரைக் கிளப்பிய பிறகும் விரல் இறங்கவில்லை. கார் ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்தோம்.

உள்ளே வந்தால் மேசை பழையபடி ஆடுகிறது. கொழுந்தியாள் டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து ஆறு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து என் கையில் கொடுத்தாள்.

"இது சத்தியமா குப்பை அத்தான். வைங்க."

வைத்தேன். தட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. நான் செய்தால் ஆடாது.