கியர் ஆயிலில் ஜரிகை

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்குக் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தேன். என் வண்டியில்தான் நுழைந்தேன். ஆனால் என் வண்டி, செங்கல் ஏற்றும் ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் வந்தது. பதினொரு வயதில் லாரி கிளீனராக ஏறி, பதினான்கு லாரிக்கு முதலாளியானவன் நான். என் வண்டி ஒரு நாளும் கயிற்றில் கட்டி ஊருக்குள் போனதில்லை. தாமல் ஏரிக்கு எதிரே நின்றுபோன வண்டியைப் பன்னிரண்டு கிலோமீட்டர் இழுத்து வர அந்த டிராக்டர்காரர் 1,200 ரூபாய் வாங்கினார். கிலோமீட்டருக்கு நூறு! விமானத்தில் போனால்கூட இவ்வளவு ஆகாது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் கேம்பர் வேன் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் வீட்டு வண்டி. பழைய பன்னிரண்டு சீட் டீசல் வேன். சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கைகழுவும் தொட்டி, நூறு லிட்டர் தண்ணீர் டேங்க் எல்லாம் நானே நின்று வைத்தேன். என் மனைவி சரோஜாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனது முதல் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. பஸ், ரயில், கார் எதுவும் ஆகாது. படுத்துக்கொண்டு போகலாம், ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். இந்த வண்டி இருந்தால் அவளுக்கு ஊர் உண்டு. இல்லையென்றால் திருப்பத்தூரில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டில்தான். இந்தத் தடவை மாமல்லபுரத்தில் கடல் பார்க்க வேண்டும் என்றாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சுமார் 145 கிலோமீட்டர் வந்ததும் இஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது.

டிராக்டர்காரர் எங்களை ஓரிக்கைப் பக்கம் கரீம் பாய் என்பவரின் ஷெட்டில் விட்டார். பாய்க்கு அறுபது வயதிருக்கும். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பெரியவரே, மூணாவது பிஸ்டன் புடிச்சிக்கிச்சி. ஹெட்டு விரிசல் வுட்டுக்கீது."

"சிலிண்டரச் சுரண்டி ரீபோர் போட்டுக்கலாம் பாய்."

"இதுக்கு மின்ன எத்தினி தபா போட்டீங்க?"

"ரெண்டு."

"அப்ப மூணாவதுக்குச் சுரண்ட இரும்பு எங்க கீது?" என்று கேட்டுவிட்டு, கியர் கம்பியின் தலையைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழு என்று இருந்தது. "மூணாவது கியரு தானா கழண்டுக்கும். நீங்க கைய வெச்சி அமுத்திக்கினே ஓட்டியிருக்கீங்க. எத்தினி வருசமா?"

உள்ளே கட்டிலிலிருந்து சரோஜா சொன்னாள்: "நாலு வருசமா பாய்."

ஆக இஞ்சினும் வேண்டும், கியர் பாக்ஸும் வேண்டும். பாய் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். இரண்டும் ஒரே வண்டியில் ஒன்றாக ஓடின ஜோடியாக இருக்க வேண்டும். இஞ்சின் நம்பர் அழியாமல் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய பில் வேண்டும். "நம்பர் இல்லாத இஞ்சின் என் ஷெட்டுக்குள்ள வராது. நீங்க எவ்ளோ பெரிய முதலாளியா இருந்தாலும் சரி." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் என் ஷெட்டில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் என் மகன் பாஸ்கர் போன் செய்தான். நான் சம்பாதித்த பணத்தில் படித்து, பெங்களூரில் ஏ.சி. அறையில் வேலை பார்க்கிறவன். "அந்த டப்பாவ அங்கயே இரும்புக்குப் போடுங்கப்பா. சனிக்கிழமை காலையில ஆம்புலன்ஸ் அனுப்பறேன். அம்மா படுத்துக்கினே வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். டப்பாவாம். அந்த டப்பாவின் அப்பனை ஓட்டித்தான் அவனுக்கு ஃபீஸ் கட்டினேன். போனை சரோஜாவிடம் கொடுத்தேன்.

"நோயாளியா வந்தவ இல்லடா நான். ஊர் பாக்க வந்தவ" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாள். ஆனால் சனிக்கிழமை என்பது என் நெஞ்சில் ஆணி மாதிரி நின்றது.

புதன் காலை ஏழு பத்து. பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் பழைய வண்டிச் சாமான் கிடங்கு. ஆட்டோ 120 ரூபாய். கிடங்குக்காரரின் பேர் வேண்டாம், வெள்ளைச் சட்டைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கிரீஸுக்கு நடுவில் நின்றுகொண்டு வெள்ளைச் சட்டை போடுகிற ஆளை நான் முதல் பார்வையிலேயே நம்பவில்லை. என் அழுக்கு வேட்டியையும் ரப்பர் செருப்பையும் பார்த்த அவரும் ஏதோ முடிவுக்கு வந்துவிட்டார்.

என் வண்டிக்குச் சேரும் இஞ்சின், கூடவே கியர் பாக்ஸ், இரும்புச் சட்டத்தில் ஜோடியாக நின்றன. வெள்ளி பெயின்ட் அடித்திருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இஞ்சினை மட்டும் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். சாவி போடும் முன் பிளாக்கின் மேல் கையை வைத்தேன். சுட்டது.

"காலைல ஏழு மணிக்கு இஞ்சின் இன்னாத்துக்குப்பா சூடா இருக்குது?"

"உங்களுக்காவத்தான் பெரியவரே, ஓட்டிப் பாத்து வெச்சோம்."

நோஞ்சான் இஞ்சினும் சூட்டில் நன்றாக ஓடும். அதன் வண்டவாளம் தெரிவது காலையில் குளிர்ந்து கிடக்கும்போது போடுகிற முதல் ஸ்டார்ட்டில்தான். இது பத்தாவது படிக்கிறவனுக்கும் தெரியும், மூன்றாவதோடு நின்ற எனக்கும் தெரியும். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். சனிக்கிழமை ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். கியர் பாக்ஸின் பக்கவாட்டு நட்டைக் கழற்றி விரலை விட்டு ஆயிலை எடுத்தேன். விரலில் பொன் பொடி மாதிரி மின்னியது.

"இது இன்னா?"

வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஜரிகை பா அது. பக்கத்து வூட்ல ஜரிகை சுத்தறாங்க. காத்துல பறந்து வந்து வுழுது. காஞ்சிபுரத்துல எங்க தொட்டாலும் ஜரிகைதான். இட்லிலகூட கெடைக்கும்."

ஒரு நிமிஷம் நம்பினேன். இதைச் சொல்லும்போதுகூடக் காது சுடுகிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் உண்மையிலேயே ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தாள், ராட்டைச் சத்தம் கேட்டது. விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

"இஞ்சின் வாங்கறதுக்குப் பொம்பளைய கேக்கறீங்களா? நல்லாத்தான் கீது போங்க" என்று சிரித்தார்.

அவளைக் கேட்காமல் நான் ஒரு லாரி வாங்கினதில்லை. பதினான்கில் ஒன்றும் நஷ்டத்தில் போனதில்லை. இதை அந்த ஆளிடம் சொல்வது வீண் என்று வந்துவிட்டேன்.

சரோஜா ஆரணிக்காரி. அவள் பிறந்த வீட்டில் மூன்று தறி. வேட்டி ஓரத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, நகத்தால் தேய்த்தாள். "ஏங்க, ஜரிகைன்னா நூலு. உள்ள செவப்புப் பட்டு, அது மேல வெள்ளி, வெள்ளி மேல தங்கம். தேய்ச்சா நூல் வரணும். இது வெறும் பொடி. நூல் எங்க?"

கரீம் பாய் எட்டிப் பார்த்தார். "பித்தளை. கியர் மாத்தும்போது ரெண்டு பல்சக்கரத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாற வளையம் கீது இல்ல? அது அரைஞ்சி போயி ஆயில்ல கலந்துக்கீது. இத மாட்டனா மூணு மாசத்துல எல்லா கியரும் கழண்டுக்கும்." பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஜரிகையாமே! அல்லா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி ஆட்டோ, மறுபடி 120. கிடங்குக்குள் போகவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். ராட்டை சுற்றிக்கொண்டிருந்த பெண்ணின் பேர் வசந்தா.

"ஏம்மா, உன் ஜரிகை காத்துல பறக்குமா?"

"இன்னா தாத்தா கேள்வி இது?"

"பறந்து போயி பக்கத்துக் கிடங்குல கியர் பாக்ஸுக்குள்ள வுழுதாம். அவர் சொல்றாரு."

அவ்வளவுதான். ராட்டை நின்றது. வசந்தா வெளியே வந்து கிடங்கு வாசலுக்குப் போன வேகத்தில் நானே ஒதுங்கினேன்.

"யோவ் அண்ணா! முதலாளி வூட்ல கிராம் கணக்கா எடை போட்டுக் குடுத்து எடை போட்டு வாங்கறாங்க. ஒரு முழம் கொறஞ்சா எங்கன்னு கேக்கறாங்க. என் ஜரிகை உன் டப்பால வுழுதுன்னு எவன் காதுல வுழுந்தாலும் நான் திருடின்னு ஆவும். அப்பறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்? எங்க, காட்டு! எந்த டப்பா? என் ஜரிகைய எடுத்துக் குடு, எடை போட்டுத் திருப்பித் தரேன்!"

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் என்னைத் தனியே இழுத்தார். "விடுங்க பெரியவரே. அஞ்சாயிரம் கொறச்சிக்கிறேன், எடுத்துக்குங்க."

பொய்க்குத் தள்ளுபடி! என் அறுபது வருஷத் தொழிலில் இதை மட்டும் கேட்டதில்லை. உள்ளே இஞ்சின் பக்கம் போய், நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளி பெயின்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் உளி அடித்த தழும்பு. "இதுவும் பக்கத்து வூட்டுக்காரங்க வந்து வெட்டிட்டுப் போனாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வியாழன் காலை வேறொரு இடம். புது வண்டியிலிருந்து எடுத்த கம்ப்யூட்டர் இஞ்சின். விற்கிறவன் இஞ்சினைத் தொடவே இல்லை, போனைத் தட்டி, "ஆப்புல எல்லாம் காட்டும் அங்கிள்" என்றான். என் வண்டியின் பின் ஆக்சில் அந்தப் பலத்தைத் தாங்காது என்றார் பாய். நடுக்காட்டில் ஒரு ஒயர் போனால் நான் போனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேண்டாம் என்று வந்துவிட்டோம். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு வசந்தா ஷெட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். "தாத்தா, வாலாஜாபாத்ல எங்க அக்கா வேலை செய்யற அரிசி மில்லுல இதே மாதிரி ஒரு வேன் நிக்குது. மழைல புளியமரக் கிளை வுழுந்து மேல்பக்கம் அப்பளம் மாதிரி ஆயிடுச்சி. இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவலயாம். அந்தாளு ஆயுசுக்கும் வயிறு எரியணும், நீங்க போயி அத வாங்குங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் பாயும் வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். மில் முதலாளி கோமளா என்கிற அம்மாள். கையில் சாவியோடு நின்றார். விலை கேட்டேன். இரண்டும் சேர்த்து 95,000 என்றார். எண்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மொதல்ல இஞ்சின தொடுங்க. அப்பறமா பேசுங்க" என்றார்.

தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது.

"நேத்து சாயங்காலத்துலேந்து யாரும் சாவி போடல. ராத்திரி பூட்டி வெச்சேன். நீங்களே போடுங்க."

போட்டேன். இரண்டு சுற்றில் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்சம், பிறகு ஒன்றுமில்லை. பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஐந்து கியரும் போட்டுப் பார்த்தேன். நம்பர் அவர் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து சேர்ந்தது. கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்து கியர் ஆயிலில் விரல் விட்டு, வேட்டி ஓரத்தில் துடைத்தேன். கறுப்பு. வெறும் கறுப்பு.

எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக நான் பேரம் பேசவில்லை. 95,000, பில்லோடு.

சனிக்கிழமை காலை பத்து மணி. பழைய இஞ்சின் இறங்கிவிட்டது. புதுசு செயினில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அனுப்பாதே என்று பாஸ்கரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். என் பேச்சை எந்த நாள் கேட்டிருக்கிறான்? இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள்.

"பேஷன்ட் யாரு?"

சரோஜா ஜன்னலில் தலையை நீட்டினாள். செயினில் தொங்குவதைக் கையால் காட்டினாள். "அதுக்குத்தாம்பா நோவு. வைத்தியம் நடக்குது. உங்களுக்கு டீ சொல்லட்டுமா?"

ஆம்புலன்ஸ் டிரைவர் நல்ல மனுஷன். டீயைக் குடித்துக்கொண்டே இஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஜோடியா வாங்கிட்டீங்களா? நல்ல வேலை பண்ணீங்க பெரியவரே. இது ரெண்டு லட்சம் கிலோமீட்டர் கண்ண மூடிக்கினு ஓடும்" என்று சொல்லிவிட்டு, காலி ஸ்ட்ரெச்சரோடு திரும்பினார். பாஸ்கர் போன் செய்தான். நான் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் எடுப்பதாகவும் இல்லை.

ஞாயிறு நாலு மணிக்கு இஞ்சின் பேசியது. திங்கள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சரோஜா சொன்னதற்காகப் பிள்ளையார்பாளையம் வழியாகப் போனேன். வசந்தா வாசலுக்கு வந்து கையாட்டினாள். கிடங்கு வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. நின்று நிதானமாக ஆரன் அடித்தேன், தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. எங்கள் திருப்பத்தூரிலும் பொய் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் பிழைப்பில் கை வைத்துப் பொய் சொல்கிறவனை நான் அங்கே பார்த்ததில்லை. அதற்காக எங்கள் ஊர் உசத்தி என்று சொல்ல மாட்டேன். வாசலுக்கு வந்து நியாயம் கேட்ட வசந்தா மாதிரியும் அங்கே ஒருத்தியைப் பார்த்ததில்லை.

முதல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் ஒரு தடவை ஆயில் பார்க்கச் சொல்லியிருந்தார் பாய். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு மர நிழலில் நிறுத்தி, அடியில் படுத்து, விரலை விட்டு, வேட்டியில் துடைத்தேன்.

"ஏங்க, மின்னுதா?" கட்டிலிலிருந்து சரோஜா.

"மின்னல."

"கண்ணாடி போட்டுப் பாத்தீங்களா?"

போடவில்லை. போட்டுக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "மின்னல சரோஜா."

"கடலுக்கு இன்னும் எத்தினி கிலோமீட்டர்?"

"முப்பது."

"அப்ப எடுங்க வண்டிய."

எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கியரைப் போட்டுவிட்டு, நாலு வருஷப் பழக்கத்தில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஞாபகம் வந்து கையை எடுத்தேன். அது அங்கேயே நின்றது.