இல்லாத ஆளைக் கூப்பிடும் கம்ப்யூட்டர்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்ட்ரைக் செய்தது. சரியாகச் சொன்னால், ஸ்ட்ரைக் செய்தது அதுவல்ல... என் வீட்டுக்காரர்!

பஹ்ரைனில் இருக்கும் மகள் ஸ்டெல்லாவின் குழந்தைக்கு அன்று ஞானஸ்நானம். அங்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு, கோயிலும் அன்றுதான். குழந்தைக்கு என் அம்மாவின் பெயர். அந்தப் பெயரை ஃபாதர் சொல்வதை வீடியோ காலில் என் காதால் கேட்க வேண்டும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு கட்டம் வந்தது. உள்ளே இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் சிவப்பாகப் பெருக்கல் குறி. உடனே இவர் ஆஃப் செய்துவிட்டார்!

ஒரு வாரமாக இதே கதைதான். பழைய ஆன்டிவைரஸ் காலாவதியாகி, 'ஆபத்து, ஆபத்து' என்று மிரட்டிக்கொண்டே இருந்தது. மகள் சொன்னபடி அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். அன்றிலிருந்து 'ஃபைலைக் காணோம்' என்று இந்தக் கட்டம்.

"ஓகேன்னு இருக்கிறதை அமுக்குங்களேன்!"

"ஃபால்ட்டு காட்டுது. நான் எப்பிடி ஓகே சொல்றது? நீ பட்டுப்புடவை கட்டிக்கினு உட்காந்துட்டா ஃபால்ட்டு சரியாயிடுமா? இன்சார்ஜ் பார்த்து கிளியரன்ஸ் குடுக்காம பெல்ட்டைத் திருப்பி ஓட்டினா, ஆளு கை போயிடும்."

"இது கரி போற பெல்ட்டாங்க? இதுக்குள்ள யாரு கையை வச்சிருக்கிறாங்க?"

அவர் மைன்ஸில், கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர். அவர் ஷிஃப்டில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதற்காக என் பேத்தியின் ஞானஸ்நானம் போவதா?

பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் – ஆனால் ரோஷத்துக்கு வகுப்பு ஏது? என் பட்டன் செல்லில் ஸ்டெல்லாவையே கூப்பிட்டேன். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒண்ணும் பயமில்ல. அந்த புரோகிராமை அப்பா எடுத்துட்டாரு. ஆனா காலையில எழுப்ப வேண்டியவங்க லிஸ்ட்டுல அது பேரு இன்னும் இருக்குது. கம்ப்யூட்டர் கூப்பிடுது, ஆளு இல்ல. அதான் கத்துது. போனை ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன்.

"அப்பா, இன்னிக்கு நான்தான் இன்சார்ஜ். கிளியரன்ஸ் குடுத்துட்டேன், ஓட்டுங்க!"

மனிதர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கிளியரன்ஸ் வாங்கியாச்சு" என்று திருப்பிச் சொன்னார். அப்புறம்தான் கம்ப்யூட்டரை மறுபடி போட்டு ஓகேயை அமுக்கினார்!

ஸ்டெல்லா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கணுமாம். பிறகு எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. அவர் எழுத்தைக் காட்டக் காட்ட, நான் அமுக்கினேன். ஸ்டார்ட்அப் என்ற இடத்தில் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். போன ஆன்டிவைரஸ் பெயருக்கும்தான்!

"அது ஒண்ணை மட்டும் எடும்மா. வேற எதையும் தொட்டுடாதே."

எடுத்தேன். ரீஸ்டார்ட்... மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

கட்டம் வரவில்லை. வீடியோ காலில் கோயில் தெரிந்தது.

தலையில் தண்ணீர் விழுந்ததும் என் பேத்தி வீறிட்டாள். அந்த அழுகைக்கு நடுவே என் அம்மாவின் பெயர் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சவுண்டைப் பாரு, உங்க அம்மாவேதான்" என்றார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் விடியலில் மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. இவர் ரிட்டையராகி, கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்திலேயே மந்தாரக்குப்பம் வந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தினமும் அப்படித்தான் – சங்கு கூப்பிடும், போவதற்கு ஷிஃப்ட் இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்து, "காப்பி போடட்டுமா?" என்பார்.

டிக்கை எப்படி எடுப்பது என்று இப்போது எனக்குத் தெரியும். சங்கு இவருக்குப் போட்டிருக்கும் இந்த டிக்கை மட்டும் எடுக்க மாட்டேன்!