ஏ ஷிப்ட்காரருக்கு வந்த சி

ரத்தம் எடுக்க வருகிறவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. சக ஊசிக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக நான் குத்திக்கொண்டிருந்த காலம்.

நைட் ஷிப்ட் வியாதி

முனிரத்தினம் லேத் ஆபரேட்டர். பல வருடச் சர்க்கரை, மாத்திரை எடுபடாமல் இன்சுலினுக்கு மாறியவர். ஓயாத அசதி என்று வந்தார். கல்லீரல் சோதனை முடிவு சரியில்லாததால் டாக்டர் அவர் ரத்தத்தை பெங்களூருக்கு அனுப்பினார். ஹெபடைடிஸ் சி என்று வந்தது. ரத்தம் வழியாகப் பரவும் கிருமி, கல்லீரலை மெதுவாகக் கெடுக்கும் என்று நான் விளக்க விளக்க அவருக்குக் கோபம்தான் ஏறியது.

"சார், நான் எப்பவும் ஏ ஷிப்ட்டுங்க. எனக்கு எப்படி சி வரும்? எவனோ சி ஷிப்ட் நைட்டுக்காரன் ரத்தத்த எம் பேர்ல எழுதிட்டீங்க."

ஒரே சிரிஞ்சு

அவருக்கு எங்கே தொற்றியது என்பது தெரியவில்லை. அவரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்பதுதான் டாக்டரின் கவலை. மனைவி லட்சுமம்மாவுக்கும் சர்க்கரை, இன்சுலின். வீட்டில் இருந்தது ஒரே கண்ணாடி சிரிஞ்சு. காலையில் இவர் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவார். அதையே வெந்நீரில் கழுவி அந்தம்மா போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் அந்தம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்று மாதாமாதம் இன்சுலின் அளவை ஏற்றியவர் எங்கள் டாக்டர்தான். ஒரே சிரிஞ்சு என்றதைக் கேட்டு டாக்டர் தலையில் கைவைத்ததும்தான் முனிரத்தினம் பயந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சர்க்கரைதானே, ஊசி எதுக்கு ரெண்டுன்னு இருந்துட்டேன் சார். அவளுக்கும் நானே குடுத்துட்டனா?"

பேடா

மறுநாள் லட்சுமம்மாவைக் கூட்டி வந்தார். அந்தம்மா கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர், பேச்சில் பாதி கன்னடம். நான் ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டு "பேடா, பேடா" என்றார். சர்க்கரை எகிறிக் கிடக்கும்போது இனிப்பா கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல். "பேடாவெல்லாம் தொடவே கூடாதும்மா" என்று அதட்டினேன். அந்தக் கவலையிலும் முனிரத்தினம் சிரித்துவிட்டார்.

"இனிப்பு கேக்கல சார். கன்னடத்துல வேணாங்கறா. ஊசின்னா அவளுக்கு உயிரே போயிரும்."

கறிவேப்பிலை

ரிசல்ட் வரும்வரை தினமும் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து வாசலில் நிற்பார். சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரியும். அவரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒருவழியாக வந்தது. லட்சுமம்மாவுக்கு சி இல்லை. சர்க்கரை மட்டும் வழக்கம்போல் உச்சத்தில். முனிரத்தினம் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தினமும் அதே ஊசியைப் போட்டும் எப்படித் தப்பித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அந்தம்மா புருஷனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நான் எங்க சார் போட்டுக்கிட்டேன்? இவரு பஸ் ஏறுனதும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திருவேன்."

மருந்து போடாதவர்களைத் திட்டியே சம்பளம் வாங்கும் நமக்கு, அன்று அந்தம்மாவைத் திட்டவும் வாய் வரவில்லை, நல்ல வேலை செய்தீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.