பூப்போட்ட எச்சரிக்கை

என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் தகரம் ஒரு காலத்தில் அறிவிப்புப் பலகையாக இருந்தது. மூலைகளை உப்புக்காற்று தின்றுவிட்டது. நீல வண்ணம் பொருக்குப் பொருக்காக உரிகிறது. இரண்டு ஓரத்திலும் பெயிண்டர் போட்ட ரோஜாப்பூக்கள் மட்டும் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. மோட்டார் பழுதாகும்போதெல்லாம் அதைத் தூக்கி வைப்பேன். தூக்கும்போதெல்லாம் ஓவர்சியர் நினைவுக்கு வருவார். மோட்டார் அடிக்கடி பழுதாகிறது.

மரக்காணத்தில் உப்பளத்து அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறுமாதம் ஓவர்சியர் மாற்றலாகி வந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர், பார்வைக்குப் பத்து வயது மூத்தவர். கிளியனூரிலிருந்து பஸ் மாறி வந்து இறங்கும்போதே அன்றைய வேலையெல்லாம் முடித்துவிட்டவர்போலக் களைத்திருப்பார். அவரிடம் ஒரு வினோதமான சொத்து இருந்தது. பொருள்கள் கெட்டுப்போவதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தைகள் உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும். எது எதற்குப் பொருந்தும் என்பதும் தெரியும். எங்கள் ஊரில் பூட்டு ஒரு வருடம் தாங்காது, சைக்கிள் மூன்று வருடம் தாங்காது. அப்படிப்பட்டவர் வந்துசேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்துசேர்ந்திருந்தார்.

ஒவ்வொரு ஆண்டும் உப்பு எடுப்பு தொடங்குமுன் அலுவலகத்துப் பொருள்களையெல்லாம் நேரில் பார்த்து, அவற்றின் நிலையைப் பதிவேட்டில் இங்கிலீஷில் எழுத வேண்டும். எழுதுவது என் வேலை. போன வருடத்து வார்த்தையைப் பார்த்து இந்த வருடத்துக்கு இறக்குவதுதான் எங்கள் வழக்கம். எட்டு வருடமாக எல்லாவற்றுக்கும் நான் ‘ஃபேர்’ என்று எழுதிவந்தேன். பரவாயில்லை என்று பொருள். நாற்காலியும் ஃபேர், பம்புசெட்டும் ஃபேர், காணாமல் போய்விட்ட ஒரு மண்வெட்டியும் ஃபேர்.

ஓவர்சியர் என்னைப் புதிதாக எழுதச் சொன்னார். உற்சாகமாக எல்லாவற்றுக்கும் ‘டீகே’ என்று எழுதிக் கொடுத்தேன். உளுத்துப்போவது என்று பொருள். அவர் மூச்சிரைக்க உட்கார்ந்து படித்துவிட்டு, “இரும்புச் சட்டி டீகே ஆகறதுக்கு அது இன்னா கடவாப்பல்லாங்க? டீகே பல்லுக்கு, மரத்துக்கு. இரும்பு துருப்புடிச்சா கொரோட். சுவரு உதுந்தா க்ரம்பிள். ரப்பர் வெடிச்சா பெரிஷ். எதுக்கு எதுன்னு இருக்குது” என்றார். கிளார்க் என்ன ஆவான் சார் என்று கேட்டேன். நான் கேட்டது விளையாட்டுக்கு. அவர் உண்மையாகவே யோசித்தார். “டெட்டீரியரேட். மெல்ல மெல்லக் கெடறது. எதுக்கும் போடலாம், யாரு மேலயும் தப்பு விழாது.” அந்த வார்த்தையை நான் உடனே பத்திரப்படுத்திக்கொண்டேன்.

உப்புப் பாத்திகளின் நடுவே, நான்கு கால்களில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி நின்றது. தண்ணீர் ஏறி வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் அந்த வெட்டவெளியில் நிழல் என்றால் அது ஒன்றுதான். உப்பு சுமக்கும் பெண்கள் மதியம் அதன் அடியில்தான் சாப்பிடுவார்கள். ஓவர்சியர் என்னை அங்கே அழைத்துப்போய்த் தம் வீட்டுச் சாவியால் ஒரு காலைச் சுரண்டினார். சிமெண்டு நொறுங்கிய முறுக்குபோல உதிர்ந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. தொட்டி விழுமே என்று பயந்தேன் என்றால் அது பொய். பதிவேட்டில் அதற்கு நேராக எட்டு ஃபேர்களும் என் எட்டுக் கையெழுத்துகளும் இருக்கின்றனவே என்றுதான் வேர்த்தது.

பத்திரப்படுத்திய வார்த்தையை எடுத்து எழுதினேன். டெட்டீரியரேட்டட். அவர் பதிவேட்டைத் திருப்பித் தள்ளினார். “விழுந்த பிறகு எழுத கொலாப்ஸ்டுன்னு ஒண்ணு இருக்குது, அத யாரு வேணா எழுதிடலாம். விழறதுக்கு முன்னாடி எழுதற வார்த்தை டிலாபிடேட்டட். கட்டடத்துக்குன்னே இருக்குது. அத எழுதுங்க.” எழுதினேன்.

இடிக்க அனுமதி வரும்வரை எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வாசகம் என் பொறுப்பு. நாளைக்கு விசாரணை என்று யாராவது ஜீப்பில் வந்தால் அவர் கண்ணில் முதலில் படவேண்டும் என்று டிலாபிடேட்டட் ஸ்ட்ரக்சர் என்பதை இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன். தொட்டியின் அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் யார் அதைப் படிப்பார்கள் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பயந்தவனுக்குத் தன்னைத் தவிர வேறு ஆள் தெரியாது. கூனிமேட்டு பெயிண்டர் அந்த வருடம் முழுக்க, கடல் கொண்டுபோனதற்குப் பதிலாகப் படகும் வீடும் கொடுத்தவர்களின் பெயர்ப்பலகைகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அதே நீலம், அதே வெள்ளை, கை பழகிய இரண்டு ரோஜாப்பூக்கள் என்று இதையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பலகை நட்ட ஒரு வாரம் கழித்து மதிய வேளையில் நானும் ஓவர்சியரும் போனோம். தொட்டியின் அடியில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு கூட்டம். தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பலகையில் குங்குமப் பொட்டு. அந்த வருடம் எங்கள் கரையில் பூப்போட்ட இங்கிலீஷ் பலகை என்றால் யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர் எனக்கு முறைக்கு அண்ணி. “இன்னா கொழுந்தனாரே, எந்த ஊரு தொர குடுத்தது? தண்ணி எப்ப வுடுவாங்க?” என்றார்.

ஓவர்சியர் தணிந்த குரலில், இது விழப்போகிறது, எழுந்திருங்கள் என்றார். அவருக்கு உடம்பு முடியவில்லை, அதனால் பார்ப்பதெல்லாம் விழுவதாகத் தெரிகிறது என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அண்ணி என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு. வருசா வருசம் நீதான எழுதற” என்றார். விழுந்துவிடும் அண்ணி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சோறு புரையேறச் சிரித்தார்கள். தவறு அவர்களுடையதல்ல. உப்பளத்துக்கு ஏ.சி. போடப்போகிறார்கள் என்று போன மாதம் முகம் மாறாமல் அவர்களிடம் சொன்னவன் நான்தான். வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றேன். அதுதான் என் நகைச்சுவைகளிலேயே பெரிய வெற்றி பெற்றது. மேலே அத்தனை கனமும் நின்றுகொண்டிருந்தது.

“அண்ணி, நான் ஒரு வருசம்கூட இங்க வந்து பாக்கல. ஆபீஸ்ல குந்திக்கினே நல்லா இருக்குதுன்னு எழுதிட்டேன்.”

ஓவர்சியர் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை வேடிக்கையாக்க என்னால் முடியவில்லை. திட்டவில்லை. தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஓவர்சியர் வரப்பின் மேல் கீற்றுக் கொட்டகை போட ஏற்பாடு செய்தார். அது முடியும்வரை பெண்கள் வெயிலில் சாப்பிட்டார்கள். தொட்டி விழவில்லை. ஒரு மாதமாயிற்று, அப்போதும் விழவில்லை. “இன்னா, இன்னும் வுழல?” என்று போகிற வருகிறவர்கள் கேட்டார்கள். விழுந்துவிடுமோ என்று நடுங்கியவன் விழாமல் போய்விடுமோ என்று நடுங்க ஆரம்பித்தேன். காலையில் சைக்கிளில் வரும்போது அது நிற்பதைப் பார்த்து ஏமாற்றமாக இருக்கும். பிறகு அந்த ஏமாற்றத்துக்காக வெட்கமாக இருக்கும்.

ஆனி மாதக் காற்றில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கால் மடங்கித் தொட்டி உட்கார்ந்தது. லாரியிலிருந்து மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். கொட்டகையில் எல்லோருடைய கையும் சோற்றில் இருந்தது. அண்ணி கையை உதறிவிட்டுத் தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினார்.

அன்று ஓவர்சியரே பதிவேட்டை எடுத்து ‘கொலாப்ஸ்டு’ என்று எழுதினார். “இத எழுதறப்ப பக்கத்துல ஆளுங்க பேரையும் எழுத வேண்டி வருமோன்னு இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். மேலே வரிசையாக இருந்த என் எட்டு ஃபேர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுவருடம் மாற்றலாகிப் போகும்வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நசுங்கிய பலகையை அண்ணிதான் என் வீட்டில் கொண்டுவந்து சாத்திவைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். “இத்துப்போச்சுன்னு எழுதறதுக்கு இன்னா?” என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

போன வாரம் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. தகரத்தைத் தூக்கி வைத்தேன். பழுது பார்க்க வந்தவர், பின்னாலிருக்கும் வயர் எப்படி சார் இருக்குது என்றபடியே கையை உள்ளே நீட்டினார். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். முழங்கால் சொடுக்குகிற சத்தத்தோடு குனிந்து பார்த்தேன்.

“இத்துப்போச்சுப்பா, கைய வெக்காத” என்றேன்.